மூலமும் உரையும்: சேப்பாக்கம் பல்கலைக் கழகக் கட்டடங்கள்

நம் மதரஸாக்களில் கிதாபு ஓதியவர்கள் அதன் பக்க அமைப்பை மறந்திருக்கமாட்டார்கள். தாளின் நடுவே மூல வாசகமாகிய மத்ன். அதனைத் தொடர்ந்து ஷரஹ் என்னும் விரிவுரை. ஓரங்களில் சாய்ந்தும் வளைந்தும் சிற்றெழுத்தில் ஓடும் ஹாஷியா. நூறாண்டு, இருநூறாண்டு இடைவெளியில் வாழ்ந்த மூவர் ஒரே தாளில் அமர்ந்து பேசுவார்கள். ஹாஷியா எழுதியவர் சில வேளை மூலாசிரியரைக் கடுமையாகவே மறுப்பார். ஆயினும் மூலத்தைச் சுரண்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் தம் சொல்லைப் பொறிக்கமாட்டார். மூலத்தின் நடையைப் போலி செய்து, எது மூலம், எது உரை என்று மாணவன் மயங்கும்படியும் எழுதமாட்டார். பழைய கல்வி வளாகமொன்றில் புதிய கட்டடம் எழுப்புவதும் இத்தகையதொரு காரியமே என்பது நம் கருத்து.

இலக்கிய ஏட்டில் கட்டடத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அரபு மொழியில் அதபு என்னும் ஒரே சொல் இலக்கியத்தையும் குறிக்கும், நல்லொழுக்கத்தையும் குறிக்கும். சபையில் எங்கே அமர்வது, பெரியவர் முன் குரலை எவ்வளவு உயர்த்துவது, வந்தவருக்கு எப்படி இடம் விடுவது என்பன அதபு. கட்டடத்துக்கும் இவையெல்லாம் உண்டு. கவிதையைத் திறனாயும் நாம், நம் பிள்ளைகள் நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் அமர்ந்து பயிலும் சுவர்களைத் திறனாயாமல் விடுவது முறையன்று.

எடுத்துக்காட்டாகச் சென்னைப் பல்கலைக் கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தை எடுத்துக்கொள்வோம். முத்தாபுதுப்பேட்டையில் வாழும் நமக்கும், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்துக் குடும்பங்களுக்கும் அது தொலைவிலுள்ள இடமன்று. ஆவடியில் மின்ரயிலேறினால் ஒரு காலைப் பொழுதில் போய்ப் பார்த்துத் திரும்பலாம். நம்மில் பலர் கடற்கரைக்குப் போகும்போது அதனைக் கடந்து சென்றிருக்கிறோம். நின்று பார்த்தவர் குறைவு.

அந்நிலத்தின் வரலாறு நமக்கு நெருக்கமானது. கர்நாடக நவாபு முஹம்மது அலி வாலாஜா 1768இல் சேப்பாக்கத்தில் தம் அரண்மனையை அமைத்தார். வடக்கே கூவம், கிழக்கே கடல் என விரிந்த அத்தோட்டம் ஏறத்தாழ 117 ஏக்கர் பரப்புடையதாயிருந்தது. திருவல்லிக்கேணியிலுள்ள வாலாஜா பள்ளிவாசல் 1795ஆம் ஆண்டையது. அவ்வாண்டிலேயே நவாபும் மறைந்தார். அவர் வழியில் வந்த குலாம் கௌஸ் கான் 1855இல் ஆண் வாரிசின்றிக் காலமானபோது, கும்பெனியார் நவாபுப் பதவியையே இல்லாமற் செய்தனர். அரண்மனை கடனுக்காக விலைக்கு வந்து, அரசின் உடைமையாயிற்று. நவாபு மறைந்து இரண்டே ஆண்டுகளில், 1857 செப்டம்பர் 5ஆம் நாள், சென்னைப் பல்கலைக் கழகம் சட்டத்தால் தோன்றியது. ஓர் அரசு அணைந்த இடத்துக்கு அருகிலேயே ஒரு கல்விச் சாலை எழுந்தது. இவ்விரண்டையும் ஒருசேர நினையாமல் அவ்வளாகத்தைப் பார்ப்பவர் அதனைப் பாதியே பார்த்தவராவார்.

பல்கலைக் கழகத்தின் செனட் இல்லம் 1874 முதல் 1879 வரை கட்டப்பட்டது. அதனை அமைத்தவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம் என்னும் ஆங்கிலேயர். மாநிலக் கல்லூரிக் கட்டடமும் அவர் வகுத்ததே. அஃது 1870இல் நிறைவெய்தியது. மாநிலக் கல்லூரியில் இத்தாலிய பாணியைக் கையாண்ட அவரே, செனட் இல்லத்தில் நான்கு மூலைகளிலும் கோபுரங்களை நிறுத்தி, அவற்றின் மேல் குப்பாக்களை வைத்தார். இடையில் நேர்ந்தது என்ன? 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு, இந்நாட்டுக்கு ஏற்றது முஸ்லிம்களின் கட்டடப் பாணியே என்னும் கருத்துடையவர். 1870இல் அதுபற்றி உரையாற்றியுமிருக்கிறார். சிஷோமோ அரண்மனையை அரசு அலுவலகங்களுக்காகத் திருத்தியமைக்கும் பணியில் ஈடுபட்டு, அதன் வளைவுகளையும் சாந்துப் பூச்சையும் கைபடப் பயின்றவர். அரண்மனையின் சாயல் செனட் இல்லத்தில் இறங்கியது இவ்வாறே.

இதனைக் கண்டு நம்மவரிற் பலர் பெருமிதங் கொள்கின்றனர். ‘நம் கலையை ஆங்கிலேயனும் ஏற்றான்’ என்று மேடையில் முழங்கக் கேட்டிருக்கிறோம். அப்பெருமிதத்தில் நமக்கு முழு உடன்பாடில்லை. அப்பாணிக்கு அவர்கள் இட்ட பெயரே ‘இந்தோ சாரசெனிக்’ என்பது. சாரசென் என்பது சிலுவைப் போர்க் காலத்து ஐரோப்பியர் முஸ்லிம்களுக்கு வைத்த பெயர். நாம் நமக்கு வைத்துக்கொண்டதன்று. நவாபின் பதவியை எடுத்துக்கொண்டவர்கள் நவாபின் குப்பாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். ஆட்சிக்கு ஒரு பழமைத் தோற்றம் வேண்டியிருந்தது. அதற்கு அருகிலேயே ஓர் ஆடை கிடைத்தது.

ஆனால் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் சிஷோமுக்கு அநீதி செய்தவராவோம். ஆடையை மட்டும் இரவல் வாங்கியவர் அல்லர் அவர். நீண்ட பக்கங்களில் வளைவுகள் வரிசையாய் நிற்கும் தாழ்வாரங்கள், உயர்ந்த கூரை, வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் ஆகியவற்றை நோக்குக. சென்னையின் வெயிலில் சுவர் நேரே சூடேறாமல் நிழல் காக்கிறது, கடற்காற்றுக்கு வழியிருக்கிறது, கண் கூசாமல் வெளிச்சம் வடிகட்டி வருகிறது. பக்கத்து அரண்மனையோடு அது போட்டியிடவுமில்லை. அதன் நகலாய் நிற்கவுமில்லை. அரண்மனை என்னும் மூலத்துக்கு எழுதப்பட்ட முதல் உரை செனட் இல்லம். நல்ல உரை என்றே சொல்லுவோம். அதனை எழுதியவரின் நோக்கம் எதுவாயினும் ஆகுக.

ஒன்றை ஈண்டு விளக்க வேண்டும். 1857இல் தோன்றிய பல்கலைக் கழகம் பாடஞ் சொல்லும் இடமன்று. இலண்டன் பல்கலைக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் பணியாயிருந்தது. எனவே அதற்கு வேண்டியது வகுப்பறைகள் அல்ல, ஒரு பெருமண்டபம். செனட் இல்லம் அத்தேவையின் வடிவம். இவ்வகையில் நம் முன்னோர் கட்டியவை வேறு விதமானவை. பக்தாதில் 1227இல் தொடங்கி 1234இல் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவில் நான்கு மத்ஹபுகளும் கற்பிக்கப்பட்டன. நடுவே திறந்த முற்றம். அதைச் சூழ்ந்து வளைவு மண்டபங்களும், மாணவர் தங்கும் அறைகளும். முற்றத்தில் ஒரு மத்ஹபின் மாணவன் இன்னொரு மத்ஹபின் மாணவனைச் சந்திக்காமல் நாளைக் கழிக்க முடியாது. கல்வியின் ஒழுங்கே அங்கே கட்டடத்தின் ஒழுங்காயிற்று. அதன் மேல் குப்பா இருந்ததா, மினாரா இருந்ததா என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி.

சென்னையில் 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே பல்கலைக் கழகம் கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் தன் கடமையாக மேற்கொண்டது. துறைகள் தோன்றின. 1927இல் அரபு, பாரசீகம், உருது மொழிகளுக்கான துறை அமைந்தது. அத்துறையில் பணியாற்றிய முஹம்மது ஹுசைன் நயினார் அவர்களை இன்றைய இளைஞர் எத்தனை பேர் அறிவர்? புர்ஹான் இப்னு ஹஸன் பாரசீகத்தில் எழுதிய ‘துஸக்கெ வாலாஜாஹி’ என்னும் வரலாற்றை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதன் முதற் பகுதி 1934இல் பல்கலைக் கழகத்தின் இஸ்லாமிய வெளியீட்டு வரிசையில் வந்தது. தென்னிந்தியாவைப் பற்றி அரபுப் புவியியலாளர்கள் அறிந்திருந்தவற்றைத் திரட்டிய அவருடைய நூல் 1942இல் வந்தது. வாலாஜாவின் வரலாற்றை, வாலாஜாவின் தோட்டத்தில் எழுந்த பல்கலைக் கழகம் வெளியிட்டது என்பதை எண்ணும்போது, அந்நிலம் தன் கடனைத் தீர்த்துக்கொண்டதாகவே நமக்குத் தோன்றுகிறது.

புதிய துறைகளுக்கும் நூல்களுக்கும் இடம் வேண்டியிருந்தது. நூலகத்துக்கென்று தனிக் கட்டடம் கடற்கரைச் சாலையில் எழுந்து, 1936 செப்டம்பரில் நூலகம் அங்கே குடிபுகுந்தது. அப்போது நூலகராயிருந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள், 1924இல் பொறுப்பேற்று, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றவர். நூல் பூட்டி வைப்பதற்கன்று, படிப்பதற்கே என்பது அவர் கொள்கையின் அடிப்படை. அந்தக் கொள்கைக்கு ஒரு கூரை தேவைப்பட்டது. அதற்குக் கிடைத்த கூரை செனட் இல்லத்துக்கு அண்மையில் அமைந்தது.

இந்த நூலகமும், அதனையடுத்து மணிக்கூண்டோடு நிற்கும் கட்டடமும் செந்நிறத்தாலும் வளைவுகளாலும் செனட் இல்லத்தோடு உறவு கொண்டாடுகின்றன. பயனோ முற்றிலும் வேறு: புத்தக அடுக்கு, படிப்பறை, ஆய்வறை. கட்டடக் கலை பயின்றோர் இவற்றைப் பெரிதாகப் போற்றுவதில்லை. 1930களில் உலகமெங்கும் புதுப்பாணி பரவிக்கொண்டிருக்கையில் ஐம்பதாண்டு பின்தங்கியவை என்பர். அக்குற்றச்சாட்டில் ஓரளவு உண்மையுண்டு. பெரியவர் முன் அளவுக்கு மீறிப் பணியும் இளைஞனைப் போன்றவை அவை. எனினும் கடற்கரையிலிருந்து நோக்கும் ஒருவர், அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளியுள்ள கட்டடங்களை ஒரே வாக்கியத்தின் சொற்களாகப் படித்துவிட முடிகிறது. இது சிறிய சாதனையன்று.

இனி நாம் அக்கறையோடு பார்க்க வேண்டியது நூற்றாண்டு விழாக் கட்டடத்தை. 1957இல் பல்கலைக் கழகம் நூறு வயதை எட்டியது. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள். கல்லூரிகள் பெருகின, மாணவர் தொகை பெருகிற்று, அலுவல்கள் பெருகின. அந்நினைவாக வளாகத்தின் உள்ளே, கான்கிரீட்டில், அடுக்கு மாடிகளோடு புதிய கட்டடமும் அரங்கமும் எழுந்தன. அதன் மேல் குப்பா இல்லை, வளைவு இல்லை. இதற்காக அதனைக் குறைகூறுவோர் பலர். நாம் அவர்களுள் ஒருவர் அல்லர். வெள்ளைக்கார அரசுக்குப் பழைய ஆடை தேவைப்பட்டது; விடுதலை பெற்ற நாட்டின் பல்கலைக் கழகத்துக்கு அது தேவையில்லை என்று அன்றைய பெரியவர்கள் எண்ணியிருந்தால் அதில் நியாயமிருக்கிறது. கான்கிரீட் கான்கிரீட்டாகவே நிற்பது, செங்கல்லைப் போல் வேடமிட்டு நிற்பதைவிட நேர்மையானது.

அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. அது மூலத்தை வாசிக்காமல் எழுதப்பட்ட உரை. செனட் இல்லத்தின் தாழ்வாரம் எதற்காக அவ்வளவு ஆழமாயிருந்தது, கூரை ஏன் அவ்வளவு உயரத்தில் இருந்தது என்ற கேள்விகளைக் கேட்டிருந்தால், குப்பா இல்லாமலே அவற்றின் விடைகளைக் கான்கிரீட்டிலும் எழுதியிருக்கலாம். நம் நாட்டில் அக்காலத்தில் எழுந்த பெரும்பாலான அரசுக் கட்டடங்களுக்கும் இதே குறைதான்: குளிர் நாட்டில் வகுத்த பெட்டியைக் கொண்டுவந்து வெயிலில் வைத்தார்கள், பின்னர் மின்விசிறி போதவில்லை என்றார்கள், அதற்குப் பின்னர் குளிர்சாதனம் வந்தது.

இதைவிடப் பெரிய விளைவு ஒன்றுண்டு. பட்டமளிப்பு விழா புதிய அரங்கத்துக்கு மாறியதும், செனட் இல்லத்துக்கு வேலையில்லாமற் போயிற்று. வேலை போன கட்டடம் விரைவில் மூப்படையும். உடைந்த நாற்காலிகளும் பழைய தாள்களும் சேரும் இடமாக அது பல ஆண்டுகள் கிடந்தது. 150ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 2006, 2007ஆம் ஆண்டுகளில் அதனைச் சீரமைத்தார்கள். சாந்தும் வண்ணக் கண்ணாடியும் மீண்டன. அப்பணியைச் செய்தோர் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் ஒரு கட்டடத்தை இடிப்பது மட்டுமே அதற்குச் செய்யும் தீங்கு என்று எண்ணிவிடக் கூடாது. எவரும் ஓதாத மத்னும், இல்லாத மத்னும் மாணவனைப் பொறுத்தவரை ஒன்றே. புதிய கட்டடம் வரும்போது பழையதற்கு எந்தப் பணியை மிச்சம் வைக்கிறோம் என்பதை வரைபடம் தீட்டும் நாளிலேயே கேட்க வேண்டும்.

வளாகத்துக்குத் தெற்கே, அரண்மனையின் நிலையோ இன்னும் வருந்தத்தக்கது. அதற்கும் கடலுக்கும் நடுவே பின்னாளில் அரசு அலுவலகங்களுக்காக எழிலகம் என்னும் பல மாடிக் கட்டடத்தை எழுப்பினார்கள். கடலை நோக்கியிருந்த மாளிகை, சுவரை நோக்கியதாயிற்று. சாலையில் செல்வோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அங்கே ஓர் அரண்மனை இருப்பதே தெரியாது. எழிலகம் என்ற பெயரை நினைத்தால் சிரிப்பதா, அழுவதா என்று தோன்றவில்லை. மாளிகையின் அறைகளிலும் அலுவலகங்கள் நிரம்பின. 2012 ஜனவரியில் அதன் ஒரு பகுதியாகிய கலஸ் மகாலில் தீப்பற்றியது, கூரை வீழ்ந்தது, தீயணைப்புப் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். அதற்குப் பின்னரே விழிப்பு வந்தது. பொதுப்பணித் துறையினர் கலஸ் மகாலையும், பாழடைந்து கிடந்த ஹுமாயூன் மகாலையும் சுண்ணாம்புச் சாந்து கொண்டு பழைய முறையில் சீரமைத்தனர். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சாந்தில் சேர்க்கும் கைப்பக்குவம் இன்னும் சில கொத்தனார்களிடம் இருக்கிறது என்பதை அப்பணி காட்டியது.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு இன்னும் பழைமையான பல்கலைக் கழகம். அங்கே அண்மைக் காலத்தில் எழுந்த இரண்டு கட்டடங்கள் நம் ஆய்வுக்குப் பெரிதும் உதவும். இரண்டையும் வகுத்தவர்கள் அரபு உலகில் பிறந்தவர்கள். ஒன்று, இஸ்லாமிய ஆய்வுகளுக்கான ஆக்ஸ்ஃபோர்டு மையத்தின் கட்டடம். எகிப்தியக் கலைஞர் அப்துல் வாஹித் அல்வகீல் வகுத்தது. மண்ணால் கட்டும் கலையை உயிர்ப்பித்த ஹஸன் ஃபத்ஹியின் மாணவர் அவர். குப்பாவும் மினாராவும் ஆக்ஸ்ஃபோர்டின் வானத்தில் ஏறுவதா என்று உள்ளூரில் எதிர்ப்பு எழுந்தது. நெடுங்காலம் வாதம் நடந்தது. 2017இல் முறைப்படி திறக்கப்பட்டது. இதில் நாம் கவனிப்பது குப்பாவையன்று. ஆக்ஸ்ஃபோர்டின் பழைய கல்லூரிகள் முற்றத்தைச் சுற்றி அமைந்தவை. நம் மதரஸாக்களும் அப்படியே. ஜார்ஜ் மக்திஸி என்னும் அறிஞர் 1981இல் வெளியிட்ட நூலில், ஐரோப்பியக் கல்லூரிக்கும் மதரஸாவுக்கும், சிறப்பாக அதன் வக்ஃபு முறைக்கும், தொடர்புண்டு என்று வாதிட்டார்; அதனை எல்லா அறிஞரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அது நிற்க. அல்வகீல் அந்தப் பொது உறவை முற்றத்தில் கண்டுபிடித்தார். அண்டை வீட்டாரின் மொழியிலேயே தம் சொல்லைச் சொன்னார்.

மற்றொன்று, செயின்ட் அன்டனி கல்லூரியில் 2015இல் திறக்கப்பட்ட மத்தியக் கிழக்கு ஆய்வு மையத்தின் கட்டடம். பக்தாதில் பிறந்து உலகப் புகழ் பெற்ற ஸஹா ஹதீத் அம்மையார் வகுத்தது. அவர் அடுத்த ஆண்டே காலமானார். எஃகுத் தகடு போர்த்த வளைந்த உடல், குப்பாவுமில்லை, வளைவுமில்லை. விக்டோரியா காலத்துச் செங்கல் வீடுகளுக்கு நடுவில் தேய்த்து வைத்த பாத்திரம்போல் பளபளக்கிறது. நமக்கு அந்தப் பளபளப்பு பிடிக்கவில்லை. ஆயினும் அங்கே நின்ற நெடிய செக்கோயா மரமொன்றை வெட்டாமல், அதன் வேருக்கும் கிளைக்கும் இடம்விட்டே கட்டடம் வளைந்து செல்கிறது. இரண்டு பழைய கட்டடங்களையும் இணைக்கும் பாலமாகவும் அது நிற்கிறது. மரத்துக்கு விலகி நின்றதே, அந்த ஓர் அதபுக்காகப் பளபளப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். குப்பா அணிந்ததா, அணியாததா என்பது அளவுகோலாக முடியாது என்பதற்கு இவ்விரு கட்டடங்களையும்விடச் சிறந்த சான்று தேவையில்லை.

அப்படியானால் அளவுகோல் எது? அதை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமீ என்பவர் கட்டடத் தொழிலில் வல்ல கொத்தனார். வழக்குகளில் காழிகளுக்கு இடத்தைப் பார்வையிட்டுக் கருத்துரைப்பவர். அவர் ‘அல் இஃலான் பி அஹ்காமில் புன்யான்’ என்று கட்டடச் சட்டங்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். மாலிகி மத்ஹபு நூல். ஒருவன் எழுப்பும் சுவர், திறக்கும் வாசல், வைக்கும் சாளரம், விடும் கழிவுநீர் ஆகியவை பக்கத்திலிருப்பவனுக்குத் தீங்காகுமா என்பதே அதில் ஓடும் கேள்வி. நம் கடற்கரை ஊர்களில் ஓதப்படும் ஷாஃபிஈ நூல்களிலும், உள்நாட்டில் ஓதப்படும் ஹனஃபி நூல்களிலும் சுவரையும் பொதுப் பாதையையும் பற்றிய பாபுகள் உண்டு; தீர்ப்புகள் வேறுபடும், அக்கறை ஒன்றே. கட்டடம் அழகாயிருக்கிறதா என்று கேட்பதற்கு முன், அஃது அண்டையிலிருப்பவனை என்ன செய்கிறது என்று நம் ஃபுகஹாக்கள் கேட்டார்கள். சேப்பாக்கத்தில் இந்தக் கேள்வியை வைத்துப் பாருங்கள். நூலகம் தேறும். நூற்றாண்டு விழாக் கட்டடம் தட்டுத் தடுமாறித் தேறும். எழிலகம் தேறாது.

இதுவரை அரசையும் பல்கலைக் கழகத்தையும் பேசினோம். நம் சமுதாயத்து நிர்வாகக் குழுக்கள் இதே கேள்வியில் தேறுவார்களா? அண்மையில் ஒரு மதரஸாவின் புதிய கட்டடத்தைப் பார்க்க நேர்ந்தது. ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை, அத்தகையவை பல. முன்பு அங்கே தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் பதித்த மச்சு இருந்தது. மூன்று பக்கமும் தாழ்வாரம், நடுவே ஹவுள், அதன் கரையில் ஒரு வேப்பமரம். காலை ஸபக்கு கீழைத் தாழ்வாரத்தில் நடந்தால், வெயில் ஏறியதும் மேலைத் தாழ்வாரத்துக்கு மாறுவார்கள். உஸ்தாதின் விரிப்பு நிழலோடு நகரும். இப்போது மூன்று மாடி, மூடிய அறைகள், மேற்கு வெயிலைப் பார்த்த கண்ணாடி முகப்பு. உச்சியில் பச்சைச் சாயம் பூசிய சிமென்ட் குப்பா. அதற்குக் கீழே வகுப்பறையில்லை, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மின்சாரம் நின்றால் ஓதலும் நிற்கிறது. நன்கொடையாளர் பெயர்ப் பலகை மட்டும் சலவைக்கல்லில் நேர்த்தியாய் அமைந்திருக்கிறது.

நிர்வாகிகளின் நியாயத்தையும் கேட்டோம். மாணவர் தொகை பெருகிவிட்டது, மச்சு ஒழுகியது, பழுது பார்க்க ஆளில்லை என்றார்கள். மூன்றும் மெய்யாயிருக்கலாம். ஆனால் அத்தகைய மச்சுகள் ஒழுகுவது பெரும்பாலும் முதுமையால் அன்று. சுண்ணாம்புச் சுவரின்மேல் யாரோ சிமென்ட் பூசிவிடுகிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும். சிமென்ட் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். சில ஆண்டுகளில் செங்கல் உதிரும், சட்டம் உளுக்கும். பின்னர் ‘பழைய கட்டடம், ஆபத்து’ என்று தீர்மானம் எழுதுகிறார்கள். இடம் போதவில்லை என்றால் பின்புறக் காலி நிலத்தில் மாடி கட்டலாமே, ஹவுளைச் சுற்றிய தாழ்வாரத்தை வகுப்புக்கே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டதற்கு, பின்புறத்தில் கட்டினால் சாலையிலிருந்து தெரியாது என்ற மறுமொழி வந்தது. இந்த ஒரு வார்த்தையில் நோய் முழுவதும் அடங்கியிருக்கிறது.

வக்ஃபு நிலத்தில் இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. வக்ஃபு செய்தவர் விதித்த நிபந்தனையைப் பேணுவது முத்தவல்லியின் கடமை என்பது ஃபிக்ஹு அறிந்தோர் அனைவரும் ஒப்பும் செய்தி. பல பழைய வக்ஃபுப் பத்திரங்களில் பள்ளிக்கு வருவோர் இளைப்பாறத் திண்ணை, வழிப்போக்கருக்குத் தண்ணீர், மாணவருக்குத் தங்கும் அறை என்று வெளிப்படையாகவே எழுதியிருப்பார்கள். இடிப்பதற்குத் தீர்மானம் போடும் குழு அந்தப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை உரக்க வாசித்துவிட்டுக் கையெழுத்திடட்டும். புதிய வரைபடத்தில் அத்திண்ணை எங்கே என்று வயதில் இளைய உறுப்பினர் ஒருவராவது கேட்கட்டும்.

இடிப்பதைத் தடுக்கவும் முடியும் என்பதற்குச் சேப்பாக்கத்துக்கு அருகிலேயே சான்றுண்டு. 1914இல் தோன்றிய இராணி மேரி கல்லூரியை 2003இல் தலைமைச் செயலகத்துக்காக இடித்துவிட அரசு முனைந்தது. மாணவியர் கல்லூரியை விட்டு வெளியேற மறுத்துப் போராடினர், ஊர் அவர்களோடு சேர்ந்தது, திட்டம் கைவிடப்பட்டது. அங்கே படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு அக்கட்டடம் தங்களுடையது என்று தெரிந்திருந்தது. நம் மதரஸாக்களின் மாணவர்களையோ, கட்டடம் பற்றி ஒரு சொல் நாம் கேட்டதில்லை. எந்தத் தாழ்வாரத்தில் காற்று வரும், எந்த மூலையில் எதிரொலி கேட்கும், எங்கே அமர்ந்தால் ஹிஃப்ழு நன்றாகப் பதியும் என்பதையெல்லாம் வரைபடக்காரரைவிட அவர்களே அறிவார்கள்.

பல்கலைக் கழகத்துக்கும் ஒரு விண்ணப்பம். மாணவர் பெருகுவதால் சேப்பாக்கத்தில் இனியும் கட்டடங்கள் எழத்தான் செய்யும், எழட்டும். அவற்றுக்குக் கால்கோள் செய்யும் அன்றே, செனட் இல்லத்தின் பெருமண்டபத்துக்கும் ஆண்டு முழுதும் நடக்கத்தக்க ஒரு பணியைக் கொடுக்க வேண்டும். அரபு, பாரசீகத் துறையினரும் தமிழ்த் துறையினரும் கூடி, மாதம் ஒரு நாள் அம்மண்டபத்தில் ‘துஸக்கெ வாலாஜாஹி’யின் ஒரு பகுதியைத் தமிழில் விளக்கிச் சொல்லலாம். நயினார் அவர்களின் ஆங்கிலப் பெயர்ப்பு இருக்கிறது. பாரசீகம் அறிந்த ஆலிம்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். மாலை நேரத்தில் வைத்தால், ஆவடியிலிருந்து பத்துப் பேரையாவது அழைத்து வர நாம் பொறுப்பேற்கிறோம்.